ஏரி இருக்கிறது, வாரியம் எங்கே?

'மழை பொய்த்துவிட்டது' என்னும் சொல் காஞ்சிபுரத்துச் சுற்றுவட்டாரத்தில் இன்று வணக்கம் சொல்வதைப் போல வழங்கி வருகிறது. கழனிக்காரர் சொல்கிறார், அதிகாரி சொல்கிறார், கோயில் வாசலில் நிற்கும் நம்மவரும் சொல்கிறார். இதனை அப்படியே ஏற்றுக்கொள்ள நம்மால் இயலவில்லை. இம்மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. அதில் பாதிக்குமேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015-லும் 2021-லும் பாலாறு கரைபுரண்டதைக் கண்ட மக்களே பங்குனி பிறந்ததும் தண்ணீருக்கு அலைகின்றனர். பொய்த்தது மழையன்று; வந்த மழையைத் தேக்கிப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடே பொய்த்துவிட்டது. இக்கட்டுரையில் நாம் வழக்காட விரும்புவது, தேக்குவதைக் குறித்து அன்று, பங்கிடுவதைக் குறித்தே.

தேக்குவதற்கு நம் முன்னோர் கண்ட வழி ஏரி. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்பது அரசின் கணக்கு. அவற்றுள் மிகப் பழையனவும் மிக நெருக்கமாக அமைந்தனவும் தொண்டை மண்டலத்தில்தான் இருக்கின்றன. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என வழங்கப்பெற்றதாகக் கூறப்படும் தென்னேரி, பல்லவர் காலத்து வைரமேக தடாகமாகிய உத்திரமேரூர் ஏரி, பாலாற்றுக்குத் தெற்கே மகேந்திரவர்மனின் குடைவரைகள் உள்ள குன்றின் அடியில் கிடக்கும் மாமண்டூர் ஏரி ஆகிய மூன்றையும் காஞ்சியிலிருந்து ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். இவை தனித்தனிக் குளங்கள் அல்ல. மேல் ஏரி நிறைந்து கோடி போனால் கலங்கல் வழியே வழிந்த நீர் கீழ் ஏரிக்கு வரத்தாகிறது. அது நிறைந்தால் அடுத்ததற்கு. பாலாற்று மணலுக்கடியில் ஓடும் ஊற்றைக் கால் வெட்டிக் கழனிக்குக் கொணர்ந்த ஊற்றுக்கால்களும் இத்தொடரில் சேர்ந்தவையே. ஓர் ஊரின் மிச்சம் மற்றோர் ஊரின் முதலாக இருந்தது. ஆற்று மணல் லாரியில் ஏறிப் போனபின் அந்த ஊற்றுக்கால்கள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதை வாசகர்கள் தங்கள் ஊரில் சென்று பார்த்துக்கொள்ளலாம்.

இன்று ஏரி என்றவுடன் எல்லார் வாயிலும் எழும் சொல் 'தூர் வாருதல்'. குடிமராமத்து என்னும் பழம்பெயரை 2017-இல் அரசு மீண்டும் எடுத்துக்கொண்டு கோடிக்கணக்கில் நிதி ஒதுக்கிற்று. ஜேசிபி எந்திரங்கள் ஏரிக்குள் இறங்கின. படம் எடுத்துக்கொண்டார்கள். வண்டல் வயலுக்குப் போனதும் உண்டு. வேறெங்கோ போனதும் உண்டு. ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏரிப் பாசனம் அறிந்த எந்தக் கிழவரும் இதற்கு விடை சொல்வார். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எத்தனை அடி தோண்டினாலும் அங்குத் தேங்கும் நீர் மதகு வழியே கழனிக்கு ஏறாது. அந்நீர் நிலத்துக்குள் இறங்கி ஊற்றை வளர்க்கும், மாடு குடிக்கும், மீன் வளரும். இவையும் நன்மைகளே. ஆனால் கிணறு வெட்டவும் மோட்டார் வைக்கவும் வசதியில்லாதவனுடைய பயிருக்கு அக்குழியால் ஒரு சொட்டும் வராது. அவனுக்கு வேண்டியது, வரத்துக் கால் அடைபடாமல் இருப்பதும், மதகின் அடைப்பு ஒழுகாமல் இருப்பதும், திறக்கிற நாளும் மூடுகிற நாளும் எல்லாரும் அறியத் தீர்மானிக்கப்படுவதும், கடைமடைக்கு உரிய முறை தவறாமல் கிடைப்பதும் ஆகும். இவற்றுள் எதையும் எந்திரம் செய்யாது. மனிதர் கூடியிருந்து செய்ய வேண்டியவை இவை.

கூடியிருந்து செய்த காலமும் இந்த மண்ணிலேயே இருந்தது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகள் 'குடவோலை' என்று மனப்பாடம் செய்கிறார்கள். தேர்தல் முறையோடு பாடம் முடிந்துவிடுகிறது. எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு ஏரி வாரியம் என்றொன்று இருந்தது. அதற்கு ஆறு பேர். முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்துத் தெரிந்தவர்களிலிருந்து இவர்கள் அமர்த்தப்பட்டார்கள். பதவி முந்நூற்றறுபது நாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மீண்டும் ஓலைக்குப் பெயர் எழுதப்படும் தகுதியை இழந்தார்கள். ஏரிக் கணக்கை ஒளித்தவனுடைய மைத்துனன்கூட அடுத்த முறை வாரியத்துக்கு வர முடியாது! இன்று எந்தத் துறையில் இவ்விதி இருக்கிறது என்று நாம் கேட்டால் சிரிப்பார்கள்.

ஆயினும் பழமையைப் பாடிப் பரவசப்படுவது நம் நோக்கமன்று. அந்தச் சபை அந்தணர் சபை. நிலமும் வேத அறிவும் உள்ள ஆடவருக்கே அதில் இடம். ஏரிக் கரையில் மண் சுமந்தவனுக்கும் கழனியில் நாற்று நட்டவளுக்கும் அங்குக் குரல் இல்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுச் சீமையின் ஊர்களை அளந்து திரட்டிய கணக்குகளில், விளைச்சலிலிருந்து ஏரிப் பராமரிப்புக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் பங்கு ஒதுக்கப்பட்டிருந்தது தெரிகிறது. கும்பெனியாரின் வரிப் பசி அந்தப் பங்குகளை விழுங்கிற்று. பணம் போனபின் உழைப்பு மட்டும் எஞ்சியது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே இயற்றிக் கரை காக்கக் குடிமக்களை அழைத்தார்கள். குடிமராமத்து என்று நாம் இன்று இனிமையாக உச்சரிக்கும் சொல்லின் பின்னே கூலியில்லாமல் குனிந்த முதுகுகள் பல உண்டு. அவை யாருடைய முதுகுகள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நீர்க்கட்டி என்னும் மனிதரை எண்ணிப் பாருங்கள். மதகைத் திறப்பவர் அவர். எந்தக் கழனிக்கு எவ்வளவு நேரம் பாய்ந்தது, எந்த வரப்பு இரவோடிரவாக வெட்டப்பட்டது என்பதெல்லாம் அவர் மனத்தில் இருந்தது. அவருடைய மண்வெட்டியின் சொல்லை மிராசுதாரரும் மீறத் தயங்கினார். பெரும்பாலான ஊர்களில் அவர் சேரியைச் சேர்ந்தவர். ஊரார் எல்லார்க்கும் நீரைப் பங்கிட்டுக் கொடுத்தவருக்கு, அந்நீர் பாயும் நிலத்தில் ஒரு பங்கு இருந்ததில்லை. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் இம்மக்களின் நிலையைக் குறித்து அறிக்கை எழுதினார். 1892-இல் நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. அவையே பஞ்சமி நிலங்கள். அந்நிலங்களை மீட்கக் கேட்டுக் காரணையில் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். நிலத்துக்கே இத்தனை விலை கொடுக்க நேர்ந்தவர்களுக்கு நீர் தானாக வந்து சேர்ந்துவிடுமா? தலைமடையில் இருப்பவன் தன் தேவைக்குமேல் பாய்ச்சிக்கொண்டு, 'ஏரியில் நீர் இல்லை' என்று கைவிரித்தால், வறட்சி முதலில் வந்து சேருமிடம் கடைமடைதான்.

இப்போது நீர்க்கட்டியும் இல்லை. அவர் பிள்ளை ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு நிறுவனப் பேருந்தில் போகிறார். அது நல்லதே; அடிமைத் தொழிலுக்கு அவரைத் திரும்ப அழைக்கும் எண்ணம் நமக்கு இல்லை. ஆனால் அவர் செய்த வேலையை யார் செய்கிறார்கள்? ஒருவரும் செய்வதில்லை. அந்த இடத்தில் ஆழ்துளைக் கிணறு வந்துவிட்டது.

ஆழ்துளைக் கிணற்றின் மேல் நமக்குத் தனிப்பகை எதுவுமில்லை. 1990-களின் தொடக்கத்திலிருந்து உழவர் எல்லார்க்கும் மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது; அதனால் பிழைத்த குடும்பங்கள் பல. ஆனால் அது செய்த ஒரு காரியத்தை நாம் மறைக்கலாகாது. ஏரியை நம்பியவரையில் பெரிய உழவரும் சிறிய உழவரும் ஒரே நீரைப் பார்த்திருந்தார்கள். கரை உடைந்தால் இருவருக்கும் நட்டம். ஆகவே விரும்பியோ விரும்பாமலோ கூடினார்கள். சொந்தக் கிணறு வந்த அன்றே வசதியுள்ளவரின் மனம் ஏரியை விட்டு வெளியேறிவிட்டது. வரத்துக் கால் தூர்ந்தால் அவருக்கென்ன? ஏரி நிறைந்தால் அவருடைய கிணறும் ஊறுகிறது. நிறையாவிட்டால் இன்னும் நூறு அடி இறக்குகிறார். ஒருவர் இறக்க இறக்கப் பக்கத்துக் கழனிக்காரரின் திறந்தவெளிக் கிணறு வற்றுகிறது. பின்பு அவரிடமே மணிக்கணக்கில் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார் வற்றிய கிணற்றுக்காரர். நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003-இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது. அதற்காக எந்தக் கட்சியும் அழவில்லை, நாமும் அழவில்லை.

'சுவாமி, இதெல்லாம் பழைய கதை; சொட்டுநீர் வந்துவிட்டது' என்று படித்த இளைஞர் சிலர் நம்மிடம் வாதிடுவதுண்டு. சிறு குறு உழவர்க்கு நூறு விழுக்காடு மானியத்தில் அக்கருவி கிடைக்கிறது. கரும்புக்கும் காய்கறிக்கும் அது நல்லது. நெல்லுக்கும், எப்போதும் குளம்போல் நிறுத்தாமல், கட்டிய நீர் மறைந்து மண்ணில் மயிரிழை வெடிப்புக் கண்டபின் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு மீண்டும் கட்டினால் போதும் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. இவற்றை நாம் மறுக்கவில்லை. கேள்வி வேறு. மிச்சமான நீர் எங்கே போகிறது? சொட்டுநீரால் பாதி நீரை மிச்சப்படுத்தியவர் அதை அண்டை அயலாருக்கா விடுகிறார்? இன்னும் இரண்டு ஏக்கரில் கரும்பு வைக்கிறார். மேலும், நீர் மறைந்தபின் கட்டலாம் என்று பொறுத்திருக்க வேண்டுமானால், மறுமுறை தவறாமல் வரும் என்ற நம்பிக்கை வேண்டும். முறை இல்லாத ஏரியில் கிடைத்தபோது நிரப்பிக்கொள்வதே அறிவு. அதை அறியாமை என்று ஏசுவது நியாயமன்று.

தொடக்க நூலில் ஈசாக்கு வெட்டிய கிணறுகளின் வரலாற்றை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். தந்தை தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டு மூடினர். அவர் புதிதாக வெட்டிய கிணற்றுக்காகவும் இடையர்கள் சண்டையிட்டனர். அதற்கு ஏசேக்கு என்றும், மற்றதற்குச் சித்னா என்றும் பெயரிட்டு நகர்ந்தார். சண்டையில்லாத மூன்றாம் கிணற்றுக்கே இரகபோத்து என்று பெயர். நாம் இவ்வரலாற்றில் எப்போதும் நம்மை ஈசாக்காகவே எண்ணிக்கொள்கிறோம். ஆந்திர அரசு குப்பத்தை அடுத்த கணேசபுரத்தில் பாலாற்றுக்குக் குறுக்கே அணை கட்ட முனைந்தபோது 2006-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. அது சரியான வழக்கே. ஆனால் மேல் ஏரிக்காரர் கலங்கலை மண் மூட்டையால் உயர்த்திக் கீழ் ஏரிக்கு வரும் நீரை மறிப்பது எந்த நீதிமன்றத்துக்குப் போகிறது? அங்கே பெலிஸ்தியர் யார்? போதாக்குறைக்கு, நூறு ஏக்கருக்குமேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். ஒரே தொடரில் உள்ள இரண்டு ஏரிகளுக்கு இரண்டு எசமானர்கள். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவதில் வல்லவர்கள்.

பட்டுக்குப் பேர்போன நகரத்தார் இதைப் படித்து, 'கழனிக்காரர் பாடு நமக்கென்ன' என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். குழித்தறியில் அமர்ந்திருப்பவருக்கு மழைக்காலம் என்றாலே கவலைதான். குழியில் ஊற்றெடுக்கும், பாவு நனையும். ஆனால் நகரம் குடிப்பது பாலாற்றின் நீர். சாயப் பட்டறைக் கழிவையும் வீட்டுச் சாக்கடையையும் மஞ்சள் நீர்க் கால்வாயில் விட்டு நத்தப்பேட்டை ஏரியை என்ன ஆக்கி வைத்திருக்கிறோம்? நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை குளத்தின் அடியிலிருந்து அத்தி வரதர் எழுந்தருளும் ஊர் இது. 2019-இல் அவ்விழாவுக்கு வந்த பெருங்கூட்டத்தை நாமும் கண்டோம். நீரைத் தெய்வம் உறையும் இடமாகக் கொண்ட ஊரில் ஏரி சாக்கடையாவது, எச்சமயத்தவர்க்கும் பெருமை தருவதன்று. 2022-இல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டபோது, எடுக்கப்படும் நிலத்தில் எத்தனை ஏரிகள் அடங்கும் என்று முதலில் கேட்டவர்கள் ஏகனாபுரத்து உழவர்களே, நகரத்தார் அல்லர்.

பங்கிட்டு வாழ முடியுமா, அது வெறுங்கனவன்றோ என்பவர்க்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்வோம். இலங்கையின் வறண்ட பகுதியில், குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில், 'பெத்ம' என்றொரு வழக்கம் உண்டு. ஆயக்கட்டு முழுவதையும் பயிரிட முடியாத ஆண்டில், மதகுக்கு அருகிலுள்ள நிலத்தை மட்டும் பயிருக்கு எடுத்து, அதனை உழவர் எல்லார்க்கும் அந்தப் போகத்துக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பார்கள். கடைமடைக்காரரும் அவ்வாண்டு தலைமடை மண்ணில் உழுவார். நிலம் யாருடையதோ அவருடையதே. குறைவு மட்டும் எல்லாருடையது.

மற்றொன்று ஸ்பெயின் நாட்டு வலென்சியா. காஞ்சிக்குக் கிடைக்கும் மழையில் பாதியும் அங்கே இல்லை. தூரியா ஆற்றுக் கால்வாய்களின் உழவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த எட்டு நடுவர்கள், வியாழன்தோறும் நண்பகலில், பேராலயத்தின் திருத்தூதர் வாயிலில் அமர்ந்து நீர் வழக்குகளைத் தீர்க்கிறார்கள். வழக்குரைஞர் இல்லை; எல்லாம் வாய்மொழியே; தீர்ப்பு அன்றே. 2009-இல் யுனெஸ்கோ இதனை மானிட மரபுச் செல்வங்களுள் சேர்த்தது. அவ்வழக்கம் இசுலாமியர் ஆண்ட காலத்தில் வேர்விட்டது. 1238-இல் நகரத்தைக் கைப்பற்றிய கிறிஸ்தவ மன்னர் சமயத்தை மாற்றினாரேயன்றி நீர் முறையை மாற்றவில்லை. பேராலய வாசல் நீதிக்கு இடம் கொடுத்தது என்பதே நமக்கு இங்கு முக்கியம்.

நம் வாசல்? 'பங்கு' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம்: பங்குத்தந்தை, பங்கு மக்கள், பங்குப் பேரவை. உழவர் வாயில் அச்சொல்லுக்குத் தன் கழனிக்கு உரிய நீர் என்று பொருள். ஊர்க் கூட்டம் நடக்கும் ஆலமரத்தடிக்கும் மண்டபத்துக்கும் சேரியார் வந்தால் ஓரமாக நிற்க வேண்டிய ஊர்கள் இன்னும் உள்ளன. நம் சிற்றாலய முற்றத்திலேனும் எல்லாரும் ஒரே பாயில் அமர முடியும் என்று சொல்ல ஆசைதான். கல்லறையிலேயே சுவர் வைத்திருப்பவர்கள் நம்முள்ளும் இருக்கிறார்கள் என்பது அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்கிறது. சுவரை இடிக்கும் வேலையையும் ஏரி வேலையையும் ஒன்றாகவே தொடங்கலாம்.

'இது அரசியல், இறைமக்களுக்கு எதற்கு?' என்பது நாம் எதிர்பார்க்கும் மறுப்பு. 2000-இல் இயற்றப்பட்ட பாசன அமைப்புகளின் மேலாண்மையில் உழவர் பங்கேற்புச் சட்டத்தின்படி, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் உண்டு. 2007-இல் உலக வங்கிக் கடனோடு வந்த திட்டத்திலும் இச்சங்கங்கள் பேசப்பட்டன. சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆனால் தேர்தல் நடந்ததே தெரியாமல் ஒருமனதாகத் தலைவரான ஒப்பந்தக்காரர்களை நாம் அறிவோம். சங்கத்துக்கு வேலை வருவது நிதி வரும்போது மட்டுமே. நீர் வரும்போது அது கூடுவதில்லை. வாக்கும் பதிவேட்டில் பெயருள்ளவர்க்கே. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள், பெயர் கணவருடையது. மழைக்காக மன்றாட்டு ஏற்பாடு செய்யும்படி நம்மிடம் கேட்டு வருவோர், அதே ஆர்வத்தோடு இத்தேர்தலுக்கு ஒரு முறையேனும் விண்ணப்பம் கொடுத்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் தூய குடிநீர் பெறுவதை அடிப்படை மனித உரிமை என்றே எழுதினார். அதை அன்பியக் கூட்டங்களில் வாசித்தோம், மரக்கன்று நட்டோம், ஏரிக்குப் போகவில்லை.

நாம் கேட்பது பெரிதன்று. கார்த்திகை மழை நின்று, நவரைக்கு நாற்று விடுவதற்கு முன், ஆயக்கட்டில் நிலமுள்ளோரும் அதில் உழைப்போரும் கரையின்மேல் கூட வேண்டும். ஏரியில் எத்தனை அடி நீர் நிற்கிறது, அது எத்தனை நாளுக்குப் பாயும், எத்தனை ஏக்கருக்குப் போதும், முதல் முறை யாருக்கு, மதகின் திறவுகோல் யாரிடம் என்பவற்றை எல்லார் காதிலும் விழச் சொல்லி, ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். நீர் குறைந்த ஆண்டாயின் யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது என்பதும் அன்றே முடிவாக வேண்டும். கடைமடையில் அரை ஏக்கர் வைத்திருக்கும் கைம்பெண் ஒருத்தி எழுந்து, 'என் கழனிக்கு எந்தக் கிழமை?' என்று கேட்டால், சிரித்து மழுப்பாமல் விடை சொல்லும்படி வற்புறுத்த அவளுக்கு இருபுறமும் நம் பங்கிலிருந்து இருவரேனும் அமர்ந்திருக்க வேண்டும்.